சுற்றுலாக் காசு

கல்லடியில் ஒரு விடுதி மண்டபம்.
குளிரூட்டி வேலை செய்யவில்லை,
சன்னல்களைத் திறந்தோம், வாவி உள்ளே வந்தது.
பதினோராம் ஆண்டு ‘பி’ வகுப்பில் பத்தொன்பது பேர்
வயிறுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு
குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தோம்.

மெல்வின் பல்தசார் பேர்த்திலிருந்து
கைபேசிக்குள் வந்திருந்தான்.
தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தோம்.
சரியும்போதெல்லாம்
"டேய், கூரையைக் காட்டாதேங்கடா" என்றான்.
நிஸார்தீனுக்குக் காத்தான்குடியில் இரும்புக் கடை;
மூத்தவளுக்கு வைத்தியபீடம் கிடைத்ததை
மூன்று மேசையிலும் மூன்று தரம் சொன்னான்.
மங்களேஸ்வரிக்கு இப்போது ஒரு மார்பு இல்லை.
அதை அவள் உப்புக் கேட்பதுபோல் சொன்னாள்,
பிறகு உப்பையும் கேட்டாள்.

ஆய்வுகூட எலும்புக்கூட்டுக்குத் தொப்பி போட்டவன் யார்,
அரசரெத்தினம் சேரின் சைக்கிளுக்குக் காற்றுப் பிடுங்கியவன் யார்,
பழைய வழக்கெல்லாம் மறுபடி எடுபட்டன.
சாட்சிகளில் பாதி பொய்.

அப்போது பூரணவதி எழுந்தாள்.
வகுப்புப் பொருளாளர்.
பால்மா ரின் ஒன்றை மேசையில் வைத்தாள்.
"நுவரெலியாக் காசு."

கரண்டிகள் நின்றன.

தலைக்கு அறுபத்தைந்து ரூபாய்.
தொண்ணூறாம் ஆண்டு ஜூன் பதினாறு, சனி,
விடியப்புறம் நான்கு மணிக்கு பஸ்.
குளிரென்றால் என்னவென்று எவருக்கும் தெரியாது;
கூல்பார் ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டுப் பழகினோம்.
கோகிலராணி மாமியிடம் சுவெற்றர் இரவல் வாங்கி
வைகாசி வெயிலில் ஒருநாள் போட்டே வந்தாள்.
திங்கட்கிழமை சண்டை தொடங்கிவிட்டது.
அந்த பஸ் எங்கே நின்றதோ.
சுவெற்றர் மட்டும் முகாமில்
மூன்று பிள்ளைகளை மாறி மாறிப் போர்த்தியதாம்.

பூரணவதி இந்த ரின்னோடு ஓடியிருக்கிறாள்,
முதலில் கோயில், பிறகு காடு, பிறகு முகாம்.
"பசிச்ச நேரம் எடுக்கல்லயா கா?"
"அது என்ர காசில்லியே."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.
பழுத்த ஓலை நிறத்தில் தபாலுறை,
மேலே பெயர், உள்ளே அந்தக் காலத்து நோட்டுகள்.
நிஸார்தீன் தன்னுடையதை முகர்ந்து பார்த்தான்.
"இதுக்கு இப்ப என்ன வரும்?"
"பிளேன்ரீ குடிக்கலாம். வடை கடன்."

படுவான்கரையிலிருந்து துறை கடந்து வந்த
தெய்வநாயகத்தின் பேரில் நாற்பதுதான்.
‘வெள்ளாமை வெட்டினதும் மிச்சம்’ என்று
கொப்பி ஓரத்தில் அவனுடைய கோணல் எழுத்து.
அந்த உறையை அவள் கூப்பிடவில்லை.
இன்னும் பதினொன்றையும் கூப்பிடவில்லை.
அவற்றின் மேல் மூடியை அழுத்தினாள்.
டக்.

எனக்கும் ஒன்று கிடைத்தது.
இங்கே மட்டும் சொல்கிறேன்:
நான் அந்தக் காசைக் கட்டவே இல்லை.
அப்பா தந்த அறுபத்தைந்தில்
சைக்கிளுக்கு டைனமோ வாங்கினேன்.
இடைவேளையில் அவள் கைகழுவப் போனபோது
அவளுடைய பேனையால், அவளுடைய சாய்வில்
என் பெயருக்கு நேரே நானே சரி போட்டேன்.

உறைக்குள் அறுபத்தைந்தும் இருந்தது.

"கணக்கில ஒரு ஆள்ர காசு குறைஞ்சிருந்திச்சு,"
எல்லோருக்கும் பொதுவில் சொன்னாள்,
"அக்காட தோட்டை ஈடு வச்சு நிரப்பினன்."
யார் என்று யாரும் கேட்கவில்லை.
மெல்வின் போத்தலோடு சரிந்தான்.
எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

தயிர் வந்தது, பாணி வந்தது.
"இப்ப போனா என்ன?" என்றான் நிஸார்தீன்,
"ஆகஸ்ட் லீவில. வேன் நான் பிடிக்கிறன்."
ஆளுக்கு ஒன்பதாயிரம் என்று முடிவாயிற்று.
மெல்வின் இப்போதே சன்னலோர இருக்கை கேட்டான்;
மலைப்பாதையில் அவனுக்குச் சத்தி வருமாம்.

பூரணவதி அதே கொப்பியைப் புரட்டி
எழுதாத பக்கம் ஒன்று கண்டுபிடித்தாள்.
பெயர்களைப் போட்டுக்கொண்டே மேசை மேசையாய் வந்தாள்.
என்னிடம் வந்ததும்
பேனையை மூடினாள்,
என் கைக்கு எட்டாத பக்கம் அதை வைத்தாள்,
மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.

"நீ காசைக் கையில தா, கிளி.
பிறகு நான் எழுதுறன்."